மாம்பழப் பாவில் இருந்த மைசூர்

ஆரணியை விட்டுக் காலை வெளியே வைக்காமலே நாற்பத்தாறு ஊர் ஓட்டல்களில் தங்கி, நாற்பத்தாறு ஊர் தோசையையும் ருசி பார்த்து, அத்தனை ஊர் டவுன் பஸ்ஸிலும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்த ஒரே பிறவி, இந்த உலகத்திலேயே சின்னபொண்ணு ஒருத்திதான். உலகம் என்றது கொஞ்சம் அதிகம். ஆரணி தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தாறும் அதிகம்தான், இருபது இருக்கும். எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு எப்போதும் கை தாராளம். ஆனால் தொண்ணூற்றெட்டு வரைக்கும் காலை வெளியே வைக்கவில்லை என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

சின்னபொண்ணு ஆரணிப் பக்கத்து முள்ளிப்பட்டுக்காரி. பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாட்டில் கட்டுகிற இழைகள்தான் பாவு; ஒரு பாவு மூன்று சேலைக்கு வரும். மூன்றாவது சேலை முடிகிற இடத்தில் பழைய பாவின் நுனி மிச்சம் இருக்கும். அந்த நுனியில் இருக்கிற நாலாயிரத்துச் சொச்சம் இழையையும், புதுப் பாவின் நாலாயிரத்துச் சொச்சம் இழையோடு, ஒன்றுக்கு ஒன்று, வரிசை மாறாமல் சேர்க்க வேண்டும். முடிச்சு போடக் கூடாது. விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு. அவ்வளவுதான். ஒரு இழை இடம் மாறினாலும் மூன்று சேலையிலும் அந்தத் தப்பு கூடவே ஓடி வரும். சின்னபொண்ணு பிணைத்த பாவில் இழை மாறியது என்று முப்பது வருஷத்தில் ஒரு வீட்டில்கூடப் பேச்சு வந்ததில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. பாவு முடிந்தால் நெய்கிறவர்களுக்கு ஓய்வு. அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில்தான் அவர்கள் திருப்பதி போவார்கள், வேளாங்கண்ணி போவார்கள், கையில் கொஞ்சம் இருந்தால் ஊட்டி போவார்கள். அவர்களுக்கு லீவு என்றால் சின்னபொண்ணுக்கு அன்றைக்குத்தான் வேலை. ஒரு வீட்டில் பாவு ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த வீட்டில் முடிந்திருக்கும். அதனால் அவளுக்கு லீவு என்று ஒரு நாள் காலண்டரிலேயே இல்லை.

அதற்குப் பதிலாக அவளுக்குக் கதை கிடைத்தது. போய் வந்தவர்கள் முதலில் சொல்லுவது அவளிடம்தான். வேறு யாரிடம் சொல்ல முடியும்? பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து போக வழியில்லை, கை வேலையாக இருக்கிறது, காது சும்மா இருக்கிறது. ரூம் சாவியில் தொங்கிய பித்தளை வில்லை எவ்வளவு கனம், சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்களா, எந்த பஸ்ஸில் ஏறினால் எங்கே இறக்கி விடுவான், எந்தக் கடையில் அல்வா கையில் ஒட்டாது, எல்லாம் சொல்லுவார்கள். அவள் தலையை நிமிர்த்தாமல் "ஊம், அப்பறம்?" என்பாள். அந்த "அப்பறம்"தான் அவளுடைய சாமர்த்தியம். சொல்ல மறந்ததைக்கூட அது இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

வருஷம் ஆக ஆக, வெளியூர் போகிறவர்கள் முதல் நாளே அவளிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். ஊட்டியில் எந்தப் பக்கத்து ரூம் வாங்கினால் வெயில் வரும், வேளாங்கண்ணியில் கடல் சத்தம் கேட்காத லாட்ஜ் எது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நீ போயிருக்கிறாயா என்று யாரும் கேட்டதில்லை. அவளும் போனதாகச் சொன்னதில்லை. இவ்வளவு தெரிந்தவள் போகாமலா இருப்பாள் என்று அவரவரே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

சேவூர் சம்பந்தம் ஒருவர்தான் கேட்டார். மூன்று தறி வைத்திருந்த மனிதர். ஊர் சுற்றுவது என்றாலே பேஜார் என்பார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் தன் மனைவி ஸ்வர்ணலதாவைக் காஞ்சிபுரத்துக்கு அப்பால் கூட்டிப் போனதில்லை. அந்த ஸ்வர்ணலதாவுக்கோ மைசூர் ஆசை. அரண்மனைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்குப் போடுகிற கதையைச் சின்னபொண்ணு வாயால் எத்தனை பாவுக்குக் கேட்டிருப்பாள் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, அந்த விளக்கு போடறத சொல்லுங்க" என்று எதிரே உட்கார்ந்துவிடுவாள்.

தொண்ணூற்றெட்டு மே மாதம். மூன்று தறியிலும் அடுத்தடுத்துப் பாவு முடிந்த ஒரு வாரம். ஸ்வர்ணலதா எப்படியோ கணவரை அசைத்துவிட்டாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஊர் தெரிந்த ஆள் கூட வர வேண்டும். அங்கே போய் முழித்துக்கொண்டு நிற்க நேர்ந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் ஊர் சுற்றுகிற பேச்சை எடுக்கக் கூடாது. அதைச் சொல்லிவிட்டு, தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சின்னபொண்ணிடம் கேட்டார்.

"இன்னாம்மா, நீ மைசூரு போயிருக்கியா?"

சின்னபொண்ணு வாயில் நாலு இழை இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சம்பந்தத்தின் முதுகுக்குப் பின்னால் ஸ்வர்ணலதா கையில் மோர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்லச் சின்னபொண்ணுக்கு வாய் வரவில்லை.

"ஊம்" என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய் அந்த ஒற்றை எழுத்துதான். ஒற்றை எழுத்தா இரண்டா என்று சண்டைக்கு வராதீர்கள். சொன்ன நொடியிலிருந்து அது அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினார்கள். வேலூரில் ஒரு பஸ், பெங்களூரில் ஒரு பஸ். பெங்களூரைத் தாண்டியதும் ஸ்வர்ணலதா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வயல் வயலாகத்தான் இருந்தது, ஆரணியிலும் வயல்தான். ஆனாலும் இது வேறே வயல் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சின்னபொண்ணு வெளியே பார்க்கவேயில்லை. மனதுக்குள் மைசூரை ஒப்பித்துக்கொண்டு வந்தாள்: பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ஏழு மாடி லாட்ஜ், வாசலில் ஆள் உயரத்துக்கு மீன் தொட்டி, உள்ளே லிஃப்டு, சாமான் வைக்கப் பலகை அலமாரி.

மூன்று மணிக்கு இறங்கினார்கள். வெளியே வந்தார்கள். எதிரில் ஏழு மாடி இல்லை. நாலு மாடிகூட இல்லை. வாழைப்பழ வண்டி நின்றது, அதற்குப் பின்னால் ஒரு சுவர்.

சம்பந்தம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தை வளைத்து வளைத்து மேலே பார்த்தார். ஒரு ஆட்டோக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. மீன் தொட்டி லாட்ஜா என்று அவர் இன்னொரு ஆட்டோக்காரரைக் கேட்டார், அந்த ஆள் மூன்றாவது ஆளைக் கேட்டார், மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"இன்னா சின்னபொண்ணு," என்றார் சம்பந்தம். "இடிச்சிட்டாங்களா?"

அவர் திரும்பி, பெங்களூர் பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். ஸ்வர்ணலதா கீழே வைத்திருந்த துணிப்பையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். ஊருக்குத் திரும்புகிறவள் கட்டுகிற மாதிரி இருந்தது அது.

சின்னபொண்ணு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடினாள். வலது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே உரச ஆரம்பித்தன, சாம்பல் தொட்டு முறுக்குகிற மாதிரி.

அவளுக்குக் கதைகள் ஊர்ப் பெயரோடு நினைவில் நிற்பதில்லை. பாவு நிறத்தோடுதான் நிற்கும். மயில்கழுத்துப் பாவு என்றால் வேளாங்கண்ணி. அது இன்னாசியம்மாள் வீட்டில் பிணைத்தது. கிளிப்பச்சை என்றால் ஊட்டி. அப்படியானால் இந்த ஏழு மாடி எந்த நிறம்? விரல் உரச உரச அது மெல்ல வந்தது. கத்திரிப்பூ. ஏழு மாடியும் மீன் தொட்டியும் கத்திரிப்பூப் பாவு. அது மைசூரே இல்லை. கோயம்புத்தூர். அந்தக் கத்திரிப்பூப் பாவு எந்த வீட்டுத் தறியில் ஓடியது, அங்கே உட்கார்ந்து ஏழு மாடி என்று அளந்த மகராசி யார் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மைசூர் மாம்பழ நிறம். பன்னீர்செல்வம் வீட்டுத் தறி. இரண்டு பாவும் ஒரே வாரத்தில் பிணைத்தது. முப்பது வருஷத்தில் ஒரு இழை மாற்றாதவள், இரண்டு ஊரை மாற்றிப் பிணைத்துவிட்டாள்.

தப்பு தெரிந்துவிட்டால் பிரிப்பது அவளுக்குப் பெரிய வேலையில்லை. கத்திரிப்பூவை ஒரு பக்கம் ஒதுக்கினாள். மாம்பழ நிறத்தை மட்டும் ஒவ்வொன்றாக இழுத்தாள். பன்னீர்செல்வம் தன் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் வழியெல்லாம் எங்கே உட்கார்ந்தோம் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். வெளியே வந்ததும் இடது கைப் பக்கம். ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு கல் திட்டு, முதலில் உட்கார்ந்தது அங்கே. அடுத்து, நெய் காய்ச்சுகிற வாசனை வருகிற மிட்டாய்க்கடை வாசல். இரண்டாவது தடவை உட்கார்ந்தது அந்தப் படியில். அங்கிருந்து பார்த்தால் பச்சைக் கண்ணாடிக் கதவு. அம்மாவால் படி ஏற முடியாது என்பதால் லிஃப்டு இருக்கிற லாட்ஜாகப் பார்த்து எடுத்தது.

சின்னபொண்ணு எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

"வாங்கண்ணே. இந்தப் பக்கம்."

நடந்தார்கள். ஜட்கா குதிரைகள் வாயில் பையோடு கொள்ளு தின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் கல் திட்டு. கதையில் இருந்த கல், கல்லாகவே இருந்தது. சின்னபொண்ணு அதை ஒரு தடவை தொட்டுவிட்டு நடந்தாள். அப்புறம் நெய் வாசனை. அப்புறம் படி. அந்தப் படியில் நின்று திரும்பினால், பச்சைக் கண்ணாடிக் கதவு.

சம்பந்தம் அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும்மா நேரா இங்க வராம அங்க குந்திகினு இருந்த?" என்றார். "கால் வலிச்சுதுண்ணே" என்று சொல்லிவிட்டாள். அந்த வருஷத்தின் இரண்டாவது பொய்.

உள்ளே நடந்ததெல்லாம் அவளுக்குக் கனவு மாதிரி. கம்பிக் கதவு வைத்த லிஃப்டு கிர்ரென்று கிளம்பியபோது சம்பந்தம் பதறிக் கம்பியைப் பிடிக்கப் போனார். உள்ளே இருக்கும்போது கம்பியில் கை வைக்கக் கூடாது என்று அவள்தான் தடுத்தாள். ரூமுக்குள் போனதும், சிவப்புப் பொட்டு வைத்த குழாயில்தான் வெந்நீர் வரும் என்றாள், வந்தது. கட்டிலில் இரண்டு விரிப்பு இருக்கும், மேலே இருப்பது போர்த்திக்கொள்ள என்றாள், இருந்தது. ஸ்வர்ணலதா ஒவ்வொன்றாகத் திறந்து மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னபொண்ணு சிரிக்கவில்லை. குழாயையும் அலமாரியையும் சாவியில் தொங்கிய பித்தளை வில்லையையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தாள். பெயர் மட்டும் கேட்டுப் பழகிய சொந்தக்காரர்களை முதல் தடவை நேரில் பார்க்கிற மாதிரி. எல்லாம் இருக்கிறதே, ஒன்றுகூடப் பொய்யில்லையே என்று அவளுக்குத் திகைப்பு.

சாயங்காலம் மசால் தோசை சாப்பிட்டார்கள். மேலே வெண்ணெய்க் கட்டி உருகி வழியும் என்பது அவளுக்குத் தெரியும். பிட்டுப் பார்த்தால் உள்ளே சிவப்பாக ஒரு காரச் சட்னி தடவியிருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. இதை யாரும் சொல்லவில்லையே என்று அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த பிறகும் அவள் இலையில் பாதி தோசை இருந்தது.

ஆறரை மணிக்கு அரண்மனை மைதானத்துக்கு வந்தார்கள். ஜனமென்றால் ஜனம். எதிரே அரண்மனை இருட்டிக்கொண்டிருந்த வானத்தில் ஒரு மலை மாதிரி கறுத்து நின்றது. லாட்ஜ் போனால் போகிறது. இன்னொரு லாட்ஜ் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்வர்ணலதா வந்தது இந்த ஒன்றுக்காக. பதினாலு வருஷம் கழித்து ஒரு தடவை வாசலைத் தாண்டியிருக்கிறாள், அதுவும் தன் வாயைக் கேட்டு. மாம்பழப் பாவில் பன்னீர்செல்வம் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தால்? தானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால்? கோபுரத்தில் நாலு பல்பு, வாசலில் நாலு பல்பு என்று கல்யாண வீடு மாதிரி இருந்துவிட்டால், திரும்பிப் போய் எந்த முகத்தோடு இவள் எதிரே உட்கார்ந்து பாவு பிணைப்பது?

ஏழு மணி.

எரிந்தது பாருங்கள். ஒரு லட்சம் விளக்கு. சில்லறை குறையலாம். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு தூணும், கோபுரத்தின் நுனி வரைக்கும், கோடு கோடாக, ஒரு கண் சிமிட்டுகிற நேரத்தில். கறுத்து நின்ற மலை இருந்த இடத்தில் முழுசும் தங்கச் சரிகையில் நெய்த ஒரு முந்தானையை யாரோ வானத்திலிருந்து உதறி விட்ட மாதிரி. ஸ்வர்ணலதா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாமி தேர் வந்தால் மட்டும் அப்படிச் செய்கிற மனிதர். சின்னபொண்ணு இமை கொட்டாமல் நின்றாள். ஒரு லட்சம் விளக்கும் பற்றிக்கொண்ட அந்த நொடியை அவள் கண் ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டது.

ஸ்வர்ணலதா கீழே இருந்தபடி சொன்னாள்: "நீங்க கம்மியா சொல்லிட்டீங்கக்கா."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு தொண்டையில் இருந்ததைச் சின்னபொண்ணால் உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நான் ஊம்னு சொன்னது பொய்யி. நான் மைசூரு வந்ததில்ல. வேலூரையே தாண்டனதில்ல."

சம்பந்தம் திரும்பினார். முகத்தில் விளக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. கோபமா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் அந்த வழியெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் சொன்னாள். மாம்பழ நிறத்தைச் சொன்னாள், கத்திரிப்பூவைச் சொன்னாள், இரண்டு ஊர் கலந்துபோனதையும் நடைபாதையில் உட்கார்ந்து பிரித்ததையும் சொன்னாள். ஆரணியில் பாதி வீட்டுப் பாவும் ஒவ்வொரு ஊராக அவளுக்குள் சுருட்டி வைத்திருப்பதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல சம்பந்தம் அரண்மனையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

"சின்னபொண்ணு," என்றார் கடைசியில். "அப்ப எங்க வூட்டுப் பாவுல எந்த ஊரு இருக்குது?"

அவள் தயங்கினாள். ஏற்கெனவே பொய் சொன்ன வருஷம் இது.

"உங்க வூட்ல யாரும் எங்கியும் போவலியேண்ணே. உங்க வூட்டுப் பாவு வெறும் பாவுதான்."

சம்பந்தம் விளக்கு அணைகிற வரைக்கும் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பெங்களூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. சம்பந்தம் அதைத் தாண்டி நடந்தார். "அணைக்கட்டுத் தோட்டம்னு ஒண்ணு சொல்லுவியே, தண்ணி மேல எகிறும்னு. அது இந்த ஊர்தானா, கத்திரிப்பூவா?" என்று கேட்டார். மாம்பழம்தான் என்றாள். எந்த பஸ், எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பதும் மாம்பழப் பாவிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு சேவூர் சம்பந்தம் வீட்டில் வருஷத்துக்கு ஒரு பாவு முடியும்போது மூட்டை கட்டிவிடுவார்கள். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், இரண்டாயிரத்து நாலில் ஐதராபாத் வரைக்கும் ஆனது. இரண்டு பயணத்துக்குச் சின்னபொண்ணும் போனாள். மற்றதையெல்லாம் அவர்கள் திரும்பி வந்து அவளிடம் ஒப்படைத்தார்கள். கையில் செல்போன் வந்த பிறகும், லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டு சம்பந்தம் முதலில் அவளைத்தான் கூப்பிட்டு எதைச் சாப்பிடலாம் என்று கேட்பார். எல்லா ஊரையும் அவள் சொல்லுவாள். மைசூர் விளக்கை மட்டும் சொல்ல மாட்டாள். யார் கேட்டாலும் "போய்ப் பாத்துட்டு வாங்க" என்பதோடு சரி. அதனால்தான் அதைச் சொல்லுகிற பொறுப்பை நான் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எழுதி முடித்ததும் அவளுக்கே படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுத் தறியில்தான் உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறப் பாவு, பாதி ஆகியிருந்தது. அந்தக் கத்திரிப்பூப் பாவில் நான் அளந்த கோயம்புத்தூர் லாட்ஜ் மூன்று மாடிதான், மீன் தொட்டி என்பது ஒரு கண்ணாடி ஜாடிதான் என்று இத்தனை வருஷம் கழித்து அவளிடம் ஒப்புக்கொண்டேன். அதற்கு அவள் அசரவில்லை. இமை கொட்டாமல் நின்றாள் என்ற இடம் வந்தபோதுதான் கை நின்றது. வாயில் இருந்த இழையை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"லட்சம் கிட்சமெல்லாம் நீங்க போட்டுக்கோங்க டீச்சரம்மா, அது உங்க இஷ்டம். ஆனா எரிஞ்சப்ப நான் பாக்கல. கண்ண மூடிகினு இருந்தேன். பொய்யா பூடுச்சுன்னா இன்னா பண்றதுன்னு பயம். அத்தினி ஜனமும் ஒண்ணா மூச்ச இழுத்துச்சு பாருங்க, அத்த கேட்டப்பறந்தான் தொறந்தேன். அந்த சத்தத்த மட்டும் எந்த வூட்லயும் யாரும் எனக்குச் சொல்லல."